வாக்குறுதியும் முதலீடும்

தேர்தல் விஞ்ஞாபனம் எந்தக் கட்சியினுடையதாயினும் அதில் லஞ்சத்தை அடியோடு ஒழிப்போம் என்னும் வாக்குறுதிக்கு ஓர் இடம் நிச்சயம் உண்டு. ஜனங்களோ அதைப் படித்து மகிழ்வதுமில்லை, கோபிப்பதுமில்லை, கல்யாணப் பத்திரிகையில் ‘இஷ்டமித்திர பந்துக்களுடன்’ என்று அச்சிட்டிருப்பதைக் கடந்துபோவதுபோல் கடந்து போகிறார்கள்.

இந்த அசிரத்தைக்கு அநுபவமே காரணம். உயர்பதவியினர்மீது எழும் ஊழல் புகார்களை விசாரிப்பதற்கான லோக்பால் மசோதா 1968-ல் பாராளுமன்றத்துக்கு வந்து, மறு ஆண்டு மக்களவையில் நிறைவேறியும், சபை கலைக்கப்பட்டதால் காலாவதியாகி, பல ரூபங்களில் மறுபிறவி எடுத்து, 2013-ன் இறுதியில்தான் இரு சபைகளின் சம்மதத்தையும் பெற்றது. லோக்பால் ஆசனத்தில் ஒருவர் அமர்வதற்கோ 2019 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆயினும் இந்தத் தாமதத்தைக் காட்டிலும் என்னை வருத்துவது வேறொன்று. பெரிய மாநிலங்களில் சட்டசபை அபேட்சகர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2022-ல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே வைக்கப்படவில்லை. இவ்விரு கணக்குகளிலும் ஏறாத பணம் இரவில் தெருவுக்குள் நுழைகிறது. வாக்காளர் பட்டியலும் பென்சிலுமாக வருகிறவர், வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டு, பெயருக்கு நேரே ஒரு கோடிழுத்து, எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகிறார். பணப் பட்டுவாடாவினால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ராதாகிருஷ்ணன் நகர், 2019-ல் வேலூர் ஆகிய தொகுதிகளில் தேர்தலே ரத்தாயிற்று. கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆனால் காலையில் குழாயடியில் எழும் புகாரோ, “மேலத்தெருவுக்கு வந்துருச்சாம், நமக்கு ஏன் இன்னும் வரல?” என்பதுதான்.

ஏழைகள் தங்களிடமிருந்து கொள்ளை போனதில் ஒரு துளியைத் திரும்பப் பெறுகிறார்கள், அதில் பிழையென்ன என்று வாதிப்போர் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. எனினும் முதல் போட்டவர் அதை வட்டியோடு எடுக்காமல் விடார். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலையும் குடும்பங்களிடமிருந்தே அது வசூலாகும்போது, வாங்கியவருக்குத் தட்டிக் கேட்க நா எழாது. கேட்கக் கூசும் இந்த நிலை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால், எந்தச் சட்டமும் புகார்தாரர் இல்லாமல் கிடக்கும்.

ஆகையால், லஞ்சத்தை ஒழிப்பேன் என்று வரும் அபேட்சகரிடம், ஆட்சிக்கு வந்தபின் செய்யப்போவதை விசாரிக்குமுன், இந்தப் பிரசாரத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு, அது யார் பணம் என்று வாக்காளர் கேட்கட்டும்; அப்படிக் கேட்கும் யோக்கியதையை முந்தின இரவே விற்றுவிடாதிருக்கட்டும்.