இல்லத் தூய்மைக்கு ஏற்ற கருவிகளும் பொருள்களும்

நம் ஆலயங்களில் நால்வர் பெருமக்களை வணங்கும்போது, அப்பர் சுவாமிகளின் கையில் உழவாரப் படையைக் காண்கிறோம். கோயில் வீதிகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி அகற்ற அவர் ஏந்திய கருவி அது. அவருடைய தமக்கையார் திலகவதியார், திருவதிகைத் திருக்கோயிலில் நாள்தோறும் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அலகு என்பது துடைப்பம். செதுக்குவதற்கு ஒரு கருவி, பெருக்குவதற்கு ஒரு கருவி. வேலைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்து கையில் எடுப்பதும் தொண்டின் ஒரு பகுதியே என்பதை இப்பெரியோர் நமக்கு உணர்த்துகின்றனர்.

தீபாவளி, பொங்கல் என்றால் நம் வீடுகளில் ஒட்டடை அடிப்பதும் கழுவுவதும் தொடங்கிவிடும். பேரங்காடிக்குச் சென்று கண்ணில் பட்ட போத்தல்களையெல்லாம் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறோம். அவற்றில் பாதி நமக்குத் தேவையில்லை. சில, ஒன்றோடொன்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம், என் துணைவியார் கழிவறையில் அமிலம் கலந்த திரவத்தை ஊற்றித் தேய்த்தார். கறை முழுவதும் போகவில்லை என்று அதன்மேலேயே பிளீச் எனப்படும் வெளுப்பு நீரையும் ஊற்றினார். சன்னல் சிறியது, கதவும் பாதி சாத்தியிருந்தது. இருமல் சத்தம் கேட்டு நான் ஓடியபோது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்து, மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இறையருளால் பிழைத்தார். இருமல் மட்டும் பல நாள் நீடித்தது. வீடு திரும்பியபின் அந்த இரண்டு போத்தல்களையும் எடுத்துப் பார்த்தேன். வேறு எதனுடனும் கலக்காதீர் என்று இரண்டிலும் அச்சிட்டிருந்தது. வகுப்பறையில், “கேள்வியை முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுது” என்று பிள்ளைகளிடம் ஆயிரம் முறை சொன்னவன் நான். என் வீட்டுப் போத்தலை நான் படித்ததில்லை. அதனால்தான் இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

அழுக்கை அறிந்து பொருளைத் தேர்க

வீட்டில் உள்ள அழுக்கு பெரும்பாலும் நான்கு வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு.

1. தூசியும் ஒட்டடையும். இவற்றுக்கு மருந்து நீர்தான். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே ஒழிய வெளியேறாது. நன்றாகப் பிழிந்த ஈரத் துணியே போதும்.

2. எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும் அடுப்பின் மேற்சுவர், அலமாரியின் உச்சி, மின்விசிறியின் இறக்கை ஆகிய இடங்களில் படிவது இது. எண்ணெயைக் கரைக்கக் காரத்தன்மை உள்ள பொருள் வேண்டும். சுடுநீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் பெரும்பாலும் போதும். விடாப்பிடியான பிசுக்குக்கு ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்கலாம்.

3. வெண்படிவு. குழாயிலும் குளியலறைச் சுவரிலும் நீரின் உப்பும் சவர்க்காரமும் சேர்ந்து படிவது. இதற்குப் புளிப்பு வேண்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சற்று நேரம் சுற்றி வைத்து, பின் கழுவினால் படிவு இளகிவிடும்.

4. பூஞ்சை. நம் நாட்டின் ஈரக் காற்றில் குளியலறை மூலைகளில் கறுப்பாகப் படர்வது. ஓட்டுச் சுவரில் இதற்குப் பிளீச் ஏற்றது. முதலில் சவர்க்காரத்தால் அழுக்கைக் கழுவிவிட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச்சின் வலிமை வீணாகும். சவர்க்கார நீரை நன்றாக அலசியபின், குளிர்ந்த நீரில் அட்டையில் கூறிய அளவுப்படி கலந்து, கூறிய நேரம் விட்டுக் கழுவுக. கலந்த நீரை அன்றே பயன்படுத்துக. வைத்திருந்தால் வலிமை குன்றும். ஈரம் தங்காமல் காற்றோட்டம் தராவிட்டால் பூஞ்சை திரும்பவும் வரும்.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்பவர்கள் பலர். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் பெரும்பாலும் எஞ்சுவது உப்புநீர்தான். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் பயன் தரும்.

கலக்கக் கூடாதவை

பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். கழிவறைத் திரவங்கள் பலவற்றில் அமிலம் உண்டு. வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவையும் அமிலமே. பிளீச்சுடன் அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உள்ளது. ஆகவே ஒரு நாளில், ஓர் இடத்தில், ஒரே திரவம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தவறிக் கலந்து நெடி வந்தால், கழுவி விடுவோம் என்று உள்ளே நிற்காமல் உடனே வெளியேறித் தூய காற்றைச் சுவாசியுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

மீந்த திரவத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் அறவே விடுங்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது.

கையில் இருக்க வேண்டிய கருவிகள்

துடைப்பம் இரண்டு வேண்டும். தென்னை ஈர்க்குத் துடைப்பம் வாசலுக்கும் வடிகாலுக்கும். மென்மையான பூந்துடைப்பம் வீட்டினுள். வாளியும் இரண்டு வேண்டும். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் அலசும் நீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைப்பது, ஓர் அறையின் அழுக்கை மறு அறைக்கு எடுத்துச் செல்வதாகும்.

துணிகளை நிறத்தால் பிரியுங்கள். கழிவறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பூசையறைக்கு மஞ்சள் என்று வைத்தால் யாரும் மறக்கமாட்டார்கள். இப்போது கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, நுண்ணிய இழைகளால் தூசியைப் பிடித்துக்கொள்ளும்; நீர் மட்டும் போதும். துணிகளுக்கு மணமூட்டும் மென்மையாக்கியில் அதைத் துவைத்தால் இழைகள் அடைபட்டு வேலை செய்யாது. பழைய பருத்தி வேட்டியும் நல்ல துடைதுணியே. ஓட்டின் இடுக்குக்குப் பழைய பல் தூரிகை போதும்.

இரப்பர்க் கையுறையும், ஒட்டடை அடிக்கும்போது முகக்கவசமும், வழுக்காத செருப்பும் ஆடம்பரமல்ல. உயரத்துக்கு நெகிழி நாற்காலியில் ஏறாதீர்கள். உறுதியான மடிப்பு ஏணியும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். என் வயதினர் கீழே நின்று பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நன்று. மின்விசிறியைத் துடைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துக. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். வேலை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கி நடக்கட்டும், தரை கடைசி.

பூசையறை

குத்துவிளக்கைத் துலக்குவதில் இரு படிகள் உண்டு. முதலில் எண்ணெயைப் போக்க வேண்டும். சீயக்காய்த் தூளோ சவர்க்காரமும் சுடுநீருமோ போதும். எண்ணெய் போன பின்பே புளி. பித்தளையின் மேல் படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைக்கிறது. எண்ணெய் இருந்தால் புளி உலோகத்தைத் தொடுவதேயில்லை. நாம் கைவலிக்கத் தேய்ப்பதுதான் மிச்சம். பிறகு நன்றாக அலசி, உடனே துடைத்து, திருநீற்றால் மெருகிடலாம். கம்பிச் சுருள் வேண்டாம், அது கீறும். மெருகுப் பூச்சு இட்டு விற்கப்படும் விளக்குகளுக்குப் புளியும் வேண்டாம். மெல்லிய துணியே போதும்.

பளிங்குத் தரையில் வைத்து விளக்குத் துலக்காதீர்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. புளியும் வினிகரும் எலுமிச்சையும் அதை அரித்து மங்கவைக்கும். பழைய கடைவீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் உள்ள டெராசோ தரைக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மிதமான சவர்க்கார நீரே ஏற்றது.

பூச்சாடியில் உள்ள நீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சாடியின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் நீரின்றியும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சட்டிகளின் கீழ்த்தட்டுகளுக்கும் அப்படியே.

ஆலயத்துக்கு வழங்கும் அன்பர்களுக்கு

திருவிழாவுக்கு முன் ஆலயத்துக்குத் துப்புரவுப் பொருள்களை அன்பளிப்பாக வழங்கும் நல்லுள்ளங்கள் பலர். அவர்களுக்கு நம் நன்றி. ஒரு சிறு வேண்டுகோள்: வாசனைத் திரவங்கள் பெட்டி பெட்டியாகக் குவிகின்றன, கையுறைகளோ எப்போதும் பற்றாக்குறை. அபிடேக எண்ணெயில் வழுக்கும் கருங்கல்லைத் தேய்த்துக் கழுவும் பணியாளருக்கும், உழவாரப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கும் தேவைப்படுபவை நல்ல கையுறை, வழுக்காத காலணி, நீண்ட பிடியுள்ள தூரிகை, உறுதியான ஏணி ஆகியவை. இவற்றை வழங்குவது தொண்டு செய்வோரைக் காக்கும் அறமாகும்.

இவ்வாண்டு பண்டிகைக்கு வீட்டைக் கழுவத் தொடங்குமுன், அலமாரியில் உள்ள போத்தல்களை ஒருமுறை வெளியே எடுத்து வைத்து, அவற்றின் அட்டைகளைப் பிள்ளைகளைவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். அன்று என் வீட்டில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் செலவிடவில்லை.

தூய இல்லத்தில் தீபம் ஒளிரட்டும். ஏற்றும் கைகள் நலமுடன் வாழட்டும்.