‘வயசு போனால் அப்பிடித்தான்’ என்று விடலாமா?

முதியவர் ஒருவர் மெலிந்து நடை தளர்ந்தால் ‘வயசு போனால் அப்பிடித்தான்’ என்று கடந்துவிடுகிறோம். ஆனால் இந்த நலிவை அளக்கலாம்.

2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா பிரீட் தலைமையிலான குழு ஐந்து அறிகுறிகளை வரையறுத்தது: ஓராண்டில் முயலாமலே 4.5 கிலோவுக்கு மேல் எடை குறைதல், தொடர் களைப்பு, கைப்பிடித் தளர்ச்சி, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்திய நிலை.

கைப்பிடிக்குக் கருவி வேண்டும். நடைக்கு மணிக்கூடு போதும்: வழமையான வேகத்தில் 4 மீற்றரைக் கடக்க 5 செக்கனுக்கு மேல் எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எனக்குச் சிக்கலாகப் படுவது உடலுழைப்பு. அந்த ஆய்வின் கேள்விக்கொத்தில் நடை, வீட்டுவேலையோடு கோல்ஃப், டென்னிஸ், புல்வெட்டுதல் எல்லாம் இருந்தன. என் அம்மம்மாவிடம் டென்னிஸ் பற்றிக் கேட்டுப் பயனில்லை. முற்றம் கூட்டுகிறாரா, கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாரா, கோயிலுக்கு நடந்து போகிறாரா என்றுதான் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றை அவர் சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தால், அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

முந்திய நிலையிலேயே கண்டுகொண்டால், தசையை வலுவாக்கும் பயிற்சியாலும் மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவாலும் மீள வாய்ப்புண்டு.