காத்திருந்த 39 நாள்கள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் காலை ஆறு மணிக்கே நாள் தொடங்கிவிடும். பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைபடும் ஓசையும், நகரப் பேருந்துகள் புறப்படும் இரைச்சலும் ஒன்றாகவே காதில் விழும். பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடைப்பயிற்சியை முடித்தவர்கள் காந்தி பூங்காவின் அருகே தேநீருக்காக நிற்பார்கள். அவர்களுள் நான்கு தமிழர்கள் தினமும் ஒன்றுசேர்வதுண்டு. ஒருவர் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வணிகம் செய்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அடுத்தவர் நகை செய்யும் ஆசாரி. மூன்றாமவர் ஓய்வுபெற்ற அரசுக் கணக்கு அதிகாரி. நான்காமவர் கல்லூரி ஆசிரியர், வயதில் இளையவர், மற்ற மூவரின் பேச்சையும் வாய் மூடாமல் கேட்பவர்.

2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் கேரளம் ஏப்ரல் 26 அன்று வாக்களித்து முடித்தது. ஏழு கட்டங்களாக நடந்த தேர்தல் என்பதால் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான். இடையில் 39 நாள்கள். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக்கணிப்பு முடிவுகளை வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே சுவரொட்டிகள் வெளுத்த பிறகும் ஊகங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தன. எந்தக் கட்சி எத்தனை இடம் பெறும் என்பதிலிருந்து பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: பங்குச்சந்தை என்னவாகும், தங்கம் என்னவாகும், நம் கையிலுள்ளதை என்ன செய்வது?

ஆட்சிக்கும் சரக்கு விலைக்கும் உள்ள உறவு இந்த மண்ணுக்குப் புதிதன்று. மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டில் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்தத் தெருவில் ஒரு மூட்டையின் விலையைக் கேட்டால், விலையோடு சிறிது அரசியலும் சேர்ந்துதான் வரும்.

அண்ணாச்சிக்கு அந்த ஆண்டின் அரசியல் வெங்காயத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 8 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மார்ச் இறுதியில் முடியவேண்டிய தடை நீட்டிக்கப்பட்டது. பின்னர் மே 4 அன்று, 40 விழுக்காடு ஏற்றுமதி வரியோடும் டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையோடும் விலக்கப்பட்டது. மகாராட்டிரத்தில் வெங்காயம் விளையும் நாசிக் பகுதி வாக்களித்தது மே 20 அன்று. “விளைவிக்கிறவருக்கும் வாக்கு உண்டு, வாங்கிச் சமைக்கிறவருக்கும் வாக்கு உண்டு. இரண்டு பேரையும் ஒரே விலையில் மகிழ்விக்க முடியாது, சார்” என்பார் அண்ணாச்சி. 1998-இல் தில்லி சட்டமன்றத் தேர்தலில் வெங்காய விலை ஓர் ஆட்சியையே அசைத்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும் தேர்தல் முடிவை எதிர்பார்த்து அவர் ஒரு மூட்டையைக்கூடக் கூடுதலாக வாங்கி வைக்கவில்லை. அழுகும் சரக்கில் ஊகம் செய்பவனுக்குக் கிடங்கு வாடகையும் சேர்ந்து நட்டம் என்பது அவர் தந்தையார் சொல்லிக்கொடுத்த கணக்கு.

ரப்பரைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஒரு கிலோவுக்கு 300 ரூபாய் கிடைக்கவேண்டும் என்ற கோரிக்கை 2023 முதல் கேரளத் தேர்தல் மேடைகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. விலை உண்மையிலேயே ஏறியது வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு. ஜூனில் 200 ரூபாயைத் தாண்டி, ஆகஸ்டில் 2011-ஆம் ஆண்டின் உச்சமான 243 ரூபாயையும் கடந்தது. யார் வென்றதாலும் அது நேரவில்லை. தாய்லாந்து முதலிய நாடுகளில் விளைச்சல் குறைந்தது. கப்பல்களில் சரக்குப் பெட்டகம் கிடைப்பது அரிதானது. நெடுமங்காட்டுப் பக்கம் சிறிய தோட்டம் வைத்திருக்கும் கணக்கு அதிகாரி, விலை ஏறும் என்று தாம் முன்பே சொன்னதாக இன்றும் சொல்லிக்கொள்கிறார். அவர் சொன்ன காரணம் வேறு என்பதை மற்றவர்கள் மரியாதை கருதி நினைவூட்டுவதில்லை.

ஆசாரியின் அனுபவம் இன்னும் கூர்மையானது. தேர்தல் முடிந்ததும் தங்கம் பறந்துவிடும் என்று அஞ்சிச் சிங்க மாதத் திருமணங்களுக்கு மே மாதத்திலேயே நகை வாங்கியவர்கள் பலர். புதிய அரசின் வரவுசெலவுத் திட்டம் ஜூலை 23 அன்று வந்தது. தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது. கேரளத்தில் அன்று ஒரே நாளில் பவுனுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் இறங்கிற்று. முன்கூட்டி வாங்கியவர்கள் அவரிடம் வந்து வருந்தினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது அதே குடும்பங்கள் தங்கள் முன்யோசனையை மெச்சிக்கொண்டன. மைய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்ததும், உலகெங்கும் நிலவிய நிச்சயமின்மையும் அந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணங்கள். கிழக்கேகோட்டையில் நாம் பேசிய தேர்தலுக்கு அதில் பங்கு மிகச் சிறிது.

இனி, பங்குச்சந்தை. ஜூன் 1, சனிக்கிழமை மாலை வாக்குக்கணிப்புகள் வெளியாயின. ஆளும் அணிக்குப் பெரும் வெற்றி என்றே ஏறக்குறைய எல்லாக் கணிப்புகளும் கூறின. திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் உயர்ந்து 76,468-இல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை எண்ணத் தொடங்கிய வாக்குகள் வேறு கதை சொல்லின. ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவானதும் சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்து 72,079-க்கு வந்தது. கூட்டணி ஆட்சி அமையும் என்பது உறுதியானதும் புதன்கிழமை 2,303 புள்ளிகள் மீண்டன. வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, சென்செக்ஸ் 76,693-இல் முடிந்தது. திங்கட்கிழமை இருந்த இடத்தைவிடவும் மேலே.

அந்த வாரம் முழுவதும் உறங்கியிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றியிருக்கும். ஆனால் கல்லூரி ஆசிரியர் உறங்கவில்லை.

அவருடைய மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக 6 லட்சம் ரூபாய் நிலைவைப்பில் இருந்தது. கட்டணம் செலுத்தவேண்டிய நாள் ஜூன் 20. சனிக்கிழமைக் கணிப்புகளையும் ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்ப் பேச்சையும் கேட்டவர், திங்கட்கிழமை காலை கைப்பேசியிலேயே வைப்பை முடித்து, நிஃப்டி குறியீட்டு நிதியின் அலகுகளைச் சந்தையில் வாங்கினார். மூன்று வாரத்தில் விடுதிக் கட்டணமும் சேர்ந்து கிடைத்துவிடும் என்பது கணக்கு. மறுநாள் வகுப்பு இல்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிற்பகலில் பொறுக்கமுடியாமல் அனைத்தையும் விற்றார். ஏறத்தாழ 39,000 ரூபாய் போயிற்று. வைப்பை முதிர்வுக்கு முன் முடித்ததால் குறைந்த வட்டி தனி. வீட்டில் சொல்ல அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. எங்களிடம் சொல்ல இரண்டு மாதம்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தால் ஒரு ரூபாயும் போயிருக்காதே என்று ஆசாரி அங்கலாய்த்தார். கணக்கு அதிகாரி மட்டும் அதை ஏற்கவில்லை. அவருக்கு 2004 நன்றாக நினைவில் இருந்தது. அந்த ஆண்டு மே 13 அன்று தேர்தல் முடிவுகள் வந்தபோது சென்செக்ஸ் 5,399. அடுத்த இரண்டு வர்த்தக நாள்களில் அது 4,505-க்கு விழுந்தது. மே 17 அன்று மட்டும் 11 விழுக்காடு சரிவு. வர்த்தகத்தை இருமுறை நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. 2009-இல் நேர்மாறு: மே 18 அன்று 2,110 புள்ளிகள் மேலே பாய்ந்து, அன்றைய வர்த்தகமே நின்றுபோனது. வெளியே நின்றவர்களுக்கு உள்ளே வர வழியில்லை.

“மூன்று நாளா, நான்கு மாதமா என்று செவ்வாய்க்கிழமை பிற்பகல் யாருக்குத் தெரியும்? அவர் விற்றதில் தவறில்லை. ஜூன் 20-க்கு வேண்டிய பணம் ஜூன் 3 அன்று அங்கே போனதில்தான் தவறு” என்றார் அவர். இந்தத் தேநீர்க் கடையில் அந்த ஆண்டு பேசப்பட்டவற்றுள் நான் குறித்துவைத்துக்கொண்ட பேச்சு இது ஒன்றே.

அவரும் பங்குகளில் முதலீடு செய்பவர்தான். மாதந்தோறும் ஒரு தொகை பரஸ்பர நிதிக்குப் போகிறது. 2024 ஜூனிலும் அது வழக்கமான தேதியில் போனது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் இன்ன நாளில் இன்ன செலவு என்று தெரிந்த தொகை ஒவ்வொன்றும், அந்த நாளை ஒட்டி முதிரும்படி தனித்தனி வைப்பாக இருக்கிறது. இடையில் அவசரம் வந்தால் வைப்பை உடைப்பதில்லை. அதன் ஈட்டின்மேல் கடன் வாங்கிக்கொள்கிறார். பல வங்கிகள் வைப்புத்தொகையில் 90 விழுக்காடு வரை இவ்வாறு தருகின்றன. வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஓரிரண்டு விழுக்காடே கூடுதல். சில வாரத் தேவைக்கு இது சிக்கனமான வழி.

அண்ணாச்சியின் மருமகன் ஒருவன் இதைவிட வேகமான பாதையில், எதிர்கால ஒப்பந்தங்களிலும் விருப்ப ஒப்பந்தங்களிலும் இறங்கியிருந்தான். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அவற்றில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தச் செய்தித்தாள் துண்டு இப்போது அண்ணாச்சியின் கல்லாப்பெட்டியின் உள்மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. மருமகன் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து வைப்பார்.

ஆசிரியரின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய ஒவ்வோர் ஆண்டுக் கட்டணத்துக்கும் ஜூன் முதல் வாரத்தில் முதிரும்படி ஒரு வைப்பு இருக்கிறது. தேநீர்ப் பேச்சுக்கு அவர் இன்னமும் தவறாமல் வருகிறார். தேர்தல் என்றால் மற்ற மூவரையும்விட உரக்கப் பேசுகிறார். பந்தயமும் வைக்கிறார், தேநீர் ஒன்றுக்கு. போன தேர்தலில் தோற்றவர் அவர்தான்; நால்வருக்கும் அவரே காசு கொடுத்தார்.