ஆடு கொடுத்தார்கள், மேய்க்கும் நிலம் எங்கே?

ஆட்டுப்பட்டிக்குள் நாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறின என்று ஒரு நாள் செய்தி வருகிறது. தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த புள்ளிமானை நாய்கள் துரத்திக் கொன்றன என்று இன்னொரு நாள் வருகிறது. மலையடிவார மாவட்டங்களில் நாய்க்குப் பதிலாகச் சிறுத்தையும் புலியும் வரும். செய்தியில் விலங்கின் பெயர் இருக்கும், செத்த ஆடுகளின் எண்ணிக்கை இருக்கும், வனத்துறையின் பதில் இருக்கும். அந்த ஆடுகளை மேய்த்தவர் யார், அவருக்கென்று ஒரு குழி நிலமாவது உண்டா, அவர் ஏன் அந்த முள்காட்டு ஓரத்துக்குப் போனார் என்ற கேள்விகள் மட்டும் இருக்காது.

காட்டுயிருக்கும் கால்நடைக்கும் மோதல் என்று அதிகாரிகள் எழுதும் கோப்புகளின் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார். நம் பக்கத்து ஊர்களில் அவர் பெரும்பாலும் நிலமற்றவர். பல ஊர்களில் அவர் ஒரு தலித் பெண். அவரைக் கணக்கில் எடுக்காமல் இந்த மோதலைத் தடுக்கவும் முடியாது, தீர்க்கவும் முடியாது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது அவ்வளவுதான்.

மானகிரிப் பக்கத்து நிலவரம்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் மானகிரி. சுற்றிலும் செம்மண் பொட்டல், கண்மாய்கள், ஊருணிகள், சீமைக்கருவேலம் மண்டிய தரிசுகள். இங்கே வெள்ளாடு என்பது நிலமில்லாத குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் ஒரு கிடாய் போகும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் இரண்டு குட்டி போகும். வங்கியில் அடகு வைக்க நகையில்லாத வீட்டுக்கு வாசலில் கட்டிய ஆடுதான் நகை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. நிலமற்ற ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆளுக்கு 4 ஆடுகள். நல்ல திட்டம். பல குடும்பங்கள் அதில் தலை நிமிர்ந்தன. ஆனால் நிலமில்லாதவர் என்பதே தகுதியாக இருந்த அந்தத் திட்டத்தில், அந்த ஆட்டை எங்கே மேய்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை. சொந்த நிலம் இல்லை, அதனால் ஆடு கொடுத்தார்கள். மேய்க்க இடம் கேட்டால் புறம்போக்கைக் காட்டினார்கள். புறம்போக்கு எங்கே என்று பார்த்தால் வேலி போட்டிருக்கிறது.

மேய்ச்சல் புறம்போக்கும் மந்தைவெளியும் ஒரு காலத்தில் ஊருக்குப் பொது. இன்று ஒரு பகுதி பட்டா நிலத்தோடு சேர்த்து உழப்பட்டிருக்கிறது, ஒரு பகுதி கட்டடங்களுக்குப் போய்விட்டது, மிச்சம் சீமைக்கருவேலக் காடு. ஆட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர் இன்னும் தூரம் போகிறார். ஊர் எல்லையைத் தாண்டி, காப்புக்காட்டு ஓரம் வரை போகிறார். மானும் மயிலும் நரியும் இருக்கும் இடத்துக்கு ஆடு போகிறது. ஆட்டுக்குப் பின்னால் நாய் போகிறது. கண்மாய்க் கரையில் கொட்டப்படும் கோழிக்கழிவிலும் இறைச்சிக்கழிவிலும் கொழுத்த அதே நாய்க்கூட்டம், பகலில் மானைத் துரத்துகிறது, இரவில் பட்டிக்குள் புகுகிறது. மோதல் காட்டுக்குள் தொடங்கியது போலத் தெரியும். உண்மையில் அது தொடங்கிய இடம் ஊர் மந்தைவெளி.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராருக்குத் திருப்பித் தர மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்துவது அபூர்வமான சூழல்களில் மட்டுமே என்றது. நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகை தரப்பட்ட நிலம் போன்றவையே அந்த விதிவிலக்கு. ஆனால் பல ஊர்களில் நடப்பது தலைகீழ். ஏழையின் குடிசைக்கு முதல் நோட்டீஸ், பெரிய வேலிக்குக் கடைசி நோட்டீஸ்.

இன்னொரு சட்டமும் நம் கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஊர்ப் பொதுச் சொத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தால் அது குற்றம். கண்மாயில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, மந்தைவெளியில் மேய்க்கக் கூடாது என்று சாதியைச் சொல்லி விரட்டுவது இதில் அடங்கும். செத்த மாட்டை எடுத்துப் போட வரச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அதே சட்டத்தின்படி குற்றம். புலி அடித்ததோ சிறுத்தை அடித்ததோ, செத்த மாட்டை அப்புறப்படுத்த இன்றும் காலனியைத்தான் தேடி வருகிறார்கள் என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறோம். இந்தக் குற்றங்களுக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கல்லூரி மாணவர்கள் இந்தப் பிரிவுகளை எடுத்துப் படித்து ஊரில் சொல்ல வேண்டும்.

மலையடிவாரத்தில் நடந்தது

நம் மாவட்டத்தில் ஆட்டோடு நிற்கும் இந்தச் சிக்கல், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வுரிமைப் போராட்டமாகவே மாறியது. திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. தேனி மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக மலைமாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்றவர்கள் உண்டு. 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களில் அந்தத் தடை புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்று சுருக்கப்பட்டது. புலிக்கு இடம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. மாட்டை எங்கே ஓட்டிப் போவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஒரு சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவர்களுக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் காட்டோரத் தலித் மக்கள் இந்தச் சட்டத்தில் பழங்குடிகள் அல்லாத "இதர மரபுவழி வனவாசிகள்" என்ற வகையில் வருகிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததை அவர்கள் நிறுவ வேண்டும். பட்டா இல்லாதவரிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார்? சட்ட விதிகளில் ஒரு வழி இருக்கிறது. உரிமை கேட்பவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றாகும். இதைப் பலர் அறியாமலே மனுவைக் கைவிடுகிறார்கள்.

தாமதம் விஷமாகிறது

கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலியால் நான்கு பேர் இறந்தார்கள். ஏராளமான மாடுகளும் செத்தன. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவரும் அந்த நால்வரில் ஒருவர். மூன்று வாரத் தேடுதலுக்குப் பிறகு 2021 அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு மைசூருக்கு அனுப்பப்பட்டது. புலியைக் கொல்லாமல் பிடித்தது சரியான முடிவு. ஆனால் புலிக்குக் காட்டிய அதே அவசரம் மாட்டை இழந்தவருக்கும் காட்டப்பட வேண்டும்.

அது நடக்காதபோது என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பகுதியில் பார்த்தோம். இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அருகே ஒரு மாட்டின் உடல். புலி அடித்த தன் மாட்டின் உடலில் ஆத்திரத்தில் பூச்சிமருந்து வைத்ததாக மாட்டுக்காரர் கைதானார். விஷம் வைப்பது பெருங்குற்றம். புலி, சிறுத்தை போன்ற உயிரினங்களைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அந்த இறைச்சியைத் தின்னும் எந்த உயிரையும் விஷம் விடாது. மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளுக்கும் அதுதான் எமன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்தால் இந்தியாவின் பாறு கழுகுகள் ஏறக்குறைய அழிந்துபோனதும், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டதும் மாணவர்கள் அறிந்த செய்திதான்.

விஷம் வைக்காதே என்று சொல்வது சுலபம். பாலுக்கு இருந்த ஒரே மாடு போன மறுநாள் அந்த வீட்டில் உலை கொதிக்க வழி செய்வதுதான் கடினம். அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வு கண்ட இடங்கள்

உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 1995 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் தகவல் சொல்ல வேண்டும், உடலில் விஷம் வைக்கக் கூடாது. தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்து உடனடியாக ஒரு தொகை தருகிறார்கள். அரசு இழப்பீடு பிறகு வரட்டும். கோபம் ஆறுவதற்குத் தேவையான பணம் முதலில் வந்துவிடுகிறது.

கர்நாடகத்தில் பந்திப்பூர், நாகரஹொளே காட்டோர ஊர்களில் 2015 முதல் "வைல்ட் சேவே" என்ற திட்டம் நடக்கிறது. கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் களப்பணியாளர் வீட்டுக்கே வருகிறார். படம் எடுத்து, காகிதங்களைச் சேர்த்து, இழப்பீட்டு மனுவை அவரே எழுதிக் கொடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தாலுகா ஆபீஸ் படியேறக் கூலியை இழக்க முடியாதவருக்கும் இதைவிடப் பெரிய உதவி இல்லை. இமாசலத்தின் கிப்பர் கிராமத்தில் பனிச்சிறுத்தையோடு வாழ்பவர்கள் தாங்களே பிரீமியம் கட்டி, தாங்களே குழு அமைத்துக் கால்நடைக் காப்பீடு நடத்துகிறார்கள்.

கென்யாவில் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி அப்பாவின் மாடுகளை மேய்த்த ரிச்சர்டு துரேரே என்ற சிறுவன் 11 வயதில் ஒன்றைக் கண்டுபிடித்தான். நடமாடும் வெளிச்சத்தைக் கண்டு சிங்கம் ஒதுங்குவதைக் கவனித்தான். பழைய பேட்டரியையும் சிறு விளக்குகளையும் இணைத்துக் கொட்டிலைச் சுற்றி மாறி மாறி மின்ன விட்டான். சிங்கம் வருவது நின்றது. சிங்கத்தைக் கொல்ல வேண்டிய தேவையும் நின்றது. மாடு மேய்க்கும் பிள்ளைக்கும் மூளை உண்டு என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது.

செத்த ஆடு யாருடையது?

இழப்பீடு பற்றிப் பேசும்போது நம் ஊர் வழக்கம் ஒன்றையும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஆடு பிடித்து வளர்ப்பது. ஆடு ஒருவருடையது, வளர்ப்பவர் வேறொருவர், ஈனும் குட்டிகளில் பங்கு. எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். நாய் கடித்தோ சிறுத்தை அடித்தோ ஆடு செத்தால், இழப்பீடு ஆட்டுக்குச் சொந்தக்காரர் பெயரில் போகும். ஒரு வருடம் வெயிலில் நடந்தவருக்கு ஒன்றும் இல்லை. சில இடங்களில் கவனிக்காமல் விட்டாய் என்று அவர் தலையிலேயே கடனும் ஏறும். ஆகவே இழப்பீட்டு மனுவில் மேய்த்தவர் பெயருக்கும் ஓர் இடம் வேண்டும், அவருக்கும் பங்கு வேண்டும் என்று கேட்கிறோம்.

தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கு நிவாரணம் என்பதே போராடிப் பெற்றதுதான். 2025-ல் திருப்பூர், ஈரோடு மாவட்ட விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்த பிறகே அரசு அதற்கு இறங்கி வந்தது. அந்த நிவாரணம் மானகிரிக் காலனியில் 4 ஆடு வைத்திருக்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்றால் அவர் கையில் சான்று இருக்க வேண்டும்.

ஆடு மாடு செத்தால் உடலை உடனே புதைக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். காயமும் காலடித் தடமும் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லுங்கள். காட்டுவிலங்கு என்றால் வனத்துறைக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் மனு நகராது. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். காயத்தோடு ஆடு பிழைத்திருந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

வருமுன் காப்பது அதைவிட முக்கியம். இரவில் திறந்த பட்டியில் அடைத்த ஆடுதான் எளிதில் இரையாகிறது. கூரையும் கம்பிவலையும் உள்ள கொட்டகை வேண்டும். நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஆட்டுக் கொட்டகை தனிநபர் பணிகளில் ஒன்றாகவே இருந்தது. முன்னுரிமை பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு. அந்தப் பயன் எத்தனை பேருக்கு வந்தது என்று ஊராட்சியில் கேளுங்கள். கண்மாய்க் கரையில் இறைச்சிக்கழிவு கொட்டுவதை ஊராட்சி நிறுத்தினால் ஆடும் பிழைக்கும், மானும் பிழைக்கும்.

காட்டுயிரோடு வாழ நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடாமல் இருக்கிறார்கள் ஊர் மக்கள். 1977-ல் சரணாலயம் ஆன இடம் அது. தியாகம் செய்ய ஏழை எப்போதும் தயார். அந்தத் தியாகத்தின் சுமை ஒரே தெருவின் மேல் விழக் கூடாது என்பதுதான் நம் வாதம்.

அடுத்த கிராம சபைக்கு ஆடு வளர்க்கும் பெண்கள் சேர்ந்து போங்கள். கேட்க வேண்டியது நான்கு. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண், இன்று யார் கையில் இருக்கிறது, எப்போது அளந்து கல் நடப் போகிறீர்கள்? வாயால் கேட்டால் காற்றோடு போகும். தீர்மானமாக எழுதி, படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.