ஆசை உண்டு, காதல் மயக்கம் இல்லை: இது நோயா?



"ராத்திரி தேடி வர்றார். பகல்ல ஆசையா ஒரு வார்த்தை கிடையாது. என் உடம்பு மட்டும்தான் வேணுமா?" என்று கலங்கும் மனைவியர் உண்டு. கணவரைக் கேட்டால், "சினிமாவுல வர்ற மாதிரி மயக்கம் எனக்கு யார் மேலயும் வந்ததில்லீங்க. ஆனா இவளுக்கு ஒண்ணுன்னா தாங்கமாட்டேன்" என்பார்.

உடல் ஆசை வேறு. காதல் மயக்கம் வேறு. சிலருக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இயல்பாகவே இராது. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. காதல் மயக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க மனநூல் அறிஞர் டாரதி டென்னவ், அதை அறியாதவர்களும் இருக்கிறார்கள் என்று 1979-இல் எழுதினார். இது நோயல்ல. மருந்து, மந்திரிப்பு வேண்டாம். இதை மட்டும் வைத்து வீண் சந்தேகமும் வேண்டாம்.

ஆனால் மயக்கம் இல்லையென்று துணையைப் புறக்கணிக்கலாமா? கூடாது. "சாப்பிட்டியா, கால் வலி எப்படி?" என்று கேட்க மயக்கம் தேவையில்லை; அக்கறை போதும். குறையை இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள். சம்மதம் அறிந்தே நெருங்குங்கள்.

முன்பு பிரியமாக இருந்தவர் திடீரென்று மாறினால் அது வேறு. மனச்சோர்வோ குடியோ காரணமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாக வாருங்கள்.