கணிப்பொறிக்குக் காலண்டர் தெரியுமா?

வங்கியில் கடன் தவணைத் தேதியை ஒருவர் 31-4-2023 என்று பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலுக்கு 30 நாட்கள்தானே என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். கணிப்பொறி சொல்லாது. அதற்கு அவை வெறும் எண்கள். நாம் விதிகளைக் கற்றுக்கொடுத்தால்தான் அது தவறைப் பிடிக்கும்.

முதலில், மாதம் 1 முதல் 12க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தேதி அந்த மாதத்தின் நாட்களை மிஞ்சாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிப்ரவரியானால் லீப் ஆண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்பது பாதி விதிதான். பருவங்கள் ஒரு சுற்று வர ஏறக்குறைய 365.2422 நாட்கள் ஆகின்றன. மிச்சம் முழுக் கால் நாள் அல்ல, சற்றுக் குறைவு. இதைச் சரிக்கட்ட, 1582இல் வந்த கிரிகோரியன் காலண்டர் ஒரு விதி செய்தது. 100ஆல் வகுபடும் ஆண்டுகள் 400ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டுகள். ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல.

1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் 1900ஐயும் லீப் ஆண்டாகக் கொண்டது. அதனோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெல் மென்பொருளும் அதே பிழையை ஏற்றது. இன்றும் எக்ஸெலில் 60ஆம் நாள், இல்லாத 29-2-1900 தான்! அதற்கு முந்தைய தேதிகளுக்கு அது காட்டும் கிழமையும் தவறு.

தவணை நாள் ஞாயிறானால் வங்கி மூடியிருக்குமே! ஆகவே கிழமையும் தெரிய வேண்டும். 365ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ஒவ்வோர் ஆண்டும் கிழமை ஒன்று நகரும். லீப் ஆண்டில் இரண்டு.

15-8-1947 என்ன கிழமை? அதற்கு முன் முடிந்த ஆண்டுகள் 1946. 1946ஐ 4ஆல் வகுத்த ஈவு 486, இதைக் கூட்டுங்கள். 100ஆல் வகுத்த ஈவு 19, இதைக் கழியுங்கள். 400ஆல் வகுத்த ஈவு 4, இதைக் கூட்டுங்கள். 2417 வரும். ஆகஸ்ட் 15 அந்த ஆண்டின் 227ஆவது நாள். இரண்டையும் கூட்டினால் 2644. அதை 7ஆல் வகுத்தால் மீதி 5. ஞாயிறு 0, திங்கள் 1 என எண்ணினால் 5 வெள்ளி. நாடு விடுதலை பெற்றது வெள்ளிக்கிழமைதான்!

நீங்கள் பிறந்த கிழமையையும் இப்படிக் கண்டுபிடியுங்கள். விடை சரியா என்று அம்மாவைக் கேளுங்கள்.