நிறம் மாறும் கருடன்

பறவை அறிவோம் – 12

செம்பருந்தை அடையாளம் தெரியாதவர்கள் நம்மிடையே குறைவு. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடல். கும்பாபிஷேகத்தின்போது அது கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால், கருடன் வந்துவிட்டது என்று கைகூப்புகிறோம். ஆனால் அதன் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த வெள்ளையும் இருப்பதில்லை, செம்மையும் இருப்பதில்லை. உடல் முழுக்கப் பழுப்பு. தலையிலும் மார்பிலும் வெளிறிய கீற்றுகள். செம்பருந்து சுற்றும் அதே மீன்பிடித் துறைமுகத்தில், அதே மீன் கழிவுக்காகச் சுற்றும் கள்ளப்பருந்தும் பழுப்புதான். இளம் வயதில் அதற்கும் கீற்றுகள் உண்டு. அதனால் இளம் கருடனைப் பலரும் கள்ளப்பருந்து என்றே எண்ணிவிடுகிறார்கள். எதைப் பார்த்தாலும் முதலில் நிறத்தைக் கவனிக்கும் பழக்கமே இதற்குக் காரணம். இளம்பறவை விஷயத்தில் இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம்: உடலமைப்பைக் கொண்டு முதலில் இனத்தை முடிவு செய்ய வேண்டும்; நிறத்திடம் அதன் பிறகு போனால் அது வயதைச் சொல்லும்.

நிறம் ஏன் மாறுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். முழுதாக வளர்ந்துவிட்ட இறகு, நம் நகத்தைப் போல, உயிரற்ற பொருள். வெயிலில் அது வெளுக்கலாம், ஓரம் தேயலாம். வேறு நிறத்தைப் பெற வேண்டுமானால் அது உதிர்ந்து அந்த இடத்தில் புதியது முளைக்க வேண்டும். பறந்தே இரை தேடும் பருந்து எல்லாச் சிறகிறகுகளையும் ஒரே நேரத்தில் இழந்தால் பட்டினிதான். ஆகவே சிறகு முனையின் பெரிய இறகுகள் உள்பக்கத்தில் தொடங்கி வெளிநோக்கி, சில சிலவாக மாறுகின்றன. கூட்டில் இருக்கும் குஞ்சின் நிலை வேறு. அதன் முதல் இறகுகள் எல்லாம் ஒரே காலத்தில் வளர்கின்றன. எனவே பறக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் அதன் சிறகின் பின்விளிம்பு இடைவெளியின்றிச் சீராக இருக்கும். ஓராண்டை ஒட்டி இறகு மாற்றம் தொடங்கியதும் உள்பக்கம் புதிய இறகும் முனையில் வெளுத்துத் தேய்ந்த பழைய இறகும் அருகருகே தெரியும். செம்பருந்தின் தலை இரண்டாம் ஆண்டில் சாம்பல் கலந்த வெள்ளையாகிறது. மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் நமக்குத் தெரிந்த கருடன் உருவாகிறது. இத்தனை தோற்றங்களும் ஒரே பறவைக்கு உரியவை என்னும்போது, இனத்தைச் சொல்லும் பொறுப்பை நிறத்திடம் முதலில் ஒப்படைப்பது சரியாகாது.

அந்த ஆண்டுகளிலெல்லாம் மாறாமல் இருப்பது என்ன? முதலாவது வால். கள்ளப்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும்; செம்பருந்தின் வால் குட்டையாக, நுனி வட்டமாக இருக்கும். செம்பருந்து சுமார் 48 செ.மீ. நீளமும் கள்ளப்பருந்து சுமார் 60 செ.மீ. நீளமும் உள்ளவை. தனியாகப் பறக்கும்போது இந்த அளவு வேறுபாடு கண்ணை ஏமாற்றினாலும், உடலோடு ஒப்பிட்டால் செம்பருந்தின் சிறகுகள் குட்டையானவை என்பது தெரியும். ‘வாலை விரித்தால் கள்ளப்பருந்தின் பிளவும் மறைந்துவிடுமே’ என்று கேட்கலாம். மறையும், ஆனால் அப்போதும் நுனி நேர்கோடாகி இரு மூலைகளும் கூராகத் தெரியுமே தவிர, வட்டமாகாது. மூலை இறகுகள் உதிர்ந்த பறவையாக இருந்தால் வாலை மட்டும் நம்பாமல் சிறகையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் செம்பருந்தின் சிறகடியில், கறுத்த முனைகளுக்குச் சற்று உள்ளே, பெரிய வெளிறிய திட்டு உண்டு. ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வரும் கருஞ்செவிக் கள்ளப்பருந்துக்கும் அதே இடத்தில் பெரிய திட்டு இருக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதும் கடைசியில் வாலின் வடிவமே. கூட்டை விட்டு அப்போதுதான் வெளிவந்த குஞ்சுக்கு வாலும் சிறகும் முழு நீளம் பெற்றிருக்காது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சில வாரங்களில் குஞ்சு கூட்டின் அருகிலேயே இருக்கும். இரை கொண்டுவரும் பெற்றோரைப் பார்த்தே இனத்தை அறியலாம்.

இன்று படமெடுத்துக் கொடுத்தால் மென்பொருளே பெயர் சொல்லிவிடுகிறதே என்பவர்களும் உண்டு. அது நல்ல உதவிதான். ஆனால் அந்த மென்பொருளும் மனிதர்கள் பெயரிட்ட படங்களிலிருந்தே கற்கிறது. நாம் தவறாகப் பெயரிட்டால் அந்தத் தவறையும் சேர்த்தே கற்கும். நிறத்தை நம்பியவர்களில் பெரிய மேதைகளும் இருந்திருக்கிறார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758-இல் பொன்னிறக் கழுகுக்கு ஒரு பெயரும், வாலின் அடியில் வெள்ளை கொண்ட அதன் இளம்பறவைக்கு வேறொரு பெயரும் கொடுத்து, இரண்டு இனங்களாகப் பதிவு செய்தார். ஒரே பறவையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வழியின்றி, பாடம் செய்த உடல்களையும் பிறர் எழுதிய விவரங்களையும் வைத்து வகைப்படுத்திய காலம் அது. நமக்கு அந்தத் தடை இல்லை.

ஒரு குஞ்சின் பெயர் மாறிப்போனால் என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பதில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் சரணாலயத்தில் வலசை போகும் வெண்தலைக் கழுகுகளை எண்ணியவர்கள், உடல் முழுக்கக் கருமையான இளம்பறவைகளைத் தனியாகக் குறித்துவைத்தார்கள். 1935 முதல் 1939 வரை எண்ணியவற்றில் 40 சதவீதம் இளம்பறவைகள்; 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதம். 1957-இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளம்பறவைதான் இருந்தது. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்தக் கணக்கை டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிரான சான்றாக வைத்தார். பறவையின் உடலில் தங்கிய டிடிடியின் எச்சம் முட்டை ஓட்டை மெலிதாக்கியது பின்னர் உறுதியானது. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. கழுகும் பருந்தும் நீண்ட காலம் வாழ்பவை. இனப்பெருக்கம் பொய்த்த பிறகும் முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் வானில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். எண்ணிக்கை குறையவில்லை என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆகவே துறைமுகத்திலோ ஏரிக்கரையிலோ செம்பருந்துகளை எண்ணுகிறவர்கள், வெள்ளைத் தலை எத்தனை, சாம்பல் தலை எத்தனை, பழுப்புத் தலை எத்தனை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஓர் இனத்தின் வருங்காலம் அந்தக் கடைசி எண்ணில்தான் முதலில் தெரியவரும்.